கன்று வேண்டாம், ஜனவரியில் வாருங்கள் என்கிறார் வாட்சர். காட்டு வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பன்னேர்கட்டா_ரோடு:

வணக்கம். பெங்களூருக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. எங்கள் அலுவலகத்தில் மழைக்காலம் வந்தால் மரக்கன்று நடுவார்கள், இந்த முறை ஏற்பாடு முழுக்க என் பொறுப்பு. 500 கன்று, 80 பேர், இரண்டு பஸ், மதியச் சாப்பாடு. ரோட்டோரம் நட்டால் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் காய்ந்துபோகிறது, காட்டிலேயே நட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். இடம் கேட்டு வரலாம் என்று போன சனிக்கிழமை நகரத்துக்கு வெளியே ஒரு காப்புக்காட்டுப் பக்கம் போனேன். எந்தக் காடு என்று சொல்லவில்லை, காரணம் கீழே புரியும்.

செக்போஸ்ட்டில் வனத்துறை வாட்சர் ஒருவர் இருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. வண்டியில் டிஎன் நம்பரைப் பார்த்துவிட்டு "தமிழா சார்?" என்றார், அவர் வீட்டிலும் தமிழ்தானாம். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "காட்டுக்குள்ள கன்னு எதுக்கு சார்? விதை விழுந்தா அதுவே முளைச்சுக்கும். ஜனவரில ஃபயர் லைன் எடுப்போம், அப்ப ஆளு பத்தாது. நிஜமா உதவணும்னா அப்ப வாங்க" என்றார். ஃபயர் லைன் என்றால் காட்டுத்தீ பரவாமல் இருக்கப் புல்லை வெட்டி எடுக்கும் கோடாம்.

பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவர் ஷூவைப் பார்த்தேன். அடிப்பாகம் கழன்று, கட்டுக்கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தது. தினக்கூலிதான், மூன்று மாதமாகக் கூலி வரவில்லை என்றார். புகாராகச் சொல்லவில்லை, நான் கேட்டதால் சொன்னார். அந்த ஷூவோடு தினமும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்கிறாராம்.

வீட்டுக்கு வந்தும் மனசு அங்கேயே இருக்கிறது. காட்டில் கன்று நடுவது உண்மையிலேயே வீண் வேலையா? இவர்கள் செய்கிற வேலைதான் என்ன? நம்மைப் போன்றவர்களை ஃபயர் லைன் வேலைக்குச் சேர்ப்பார்களா? அந்த 80 பேருக்கான பணத்தை அவருக்கு உபயோகமாக எப்படித் திருப்புவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

புல்வெளி:

கன்று விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், வாட்சர் சொன்னது சரி. நாம் நடுகிற கன்று பெரும்பாலும் நர்சரியில் மலிவாகக் கிடைப்பதுதான், அந்தக் காட்டுக்குச் சம்பந்தமில்லாத ஜாதி. பெங்களூரைச் சுற்றி முன்பு நட்ட தைலமரத்தையே இன்னும் எடுத்து முடித்தபாடில்லை. கர்நாடக அரசே 2017இல் இனிமேல் தைலமரம் நடக்கூடாது என்று நிறுத்தியது. மரம் இல்லாத இடமெல்லாம் பாழ் நிலம் என்ற எண்ணம் அதைவிட மோசம். ஹெசரகட்டா புல்வெளிக்குக் குளிர்காலத்தில் ஒரு நாள் விடிகாலை போய்ப் பாருங்கள், பூனைப்பருந்துகள் புல்லுக்கு மேலே தாழப் பறந்துகொண்டிருக்கும். எங்கிருந்தோ அவ்வளவு தூரம் வருவது அந்தப் புல்லை நம்பித்தான். அங்கே போய் மரம் வைத்தால் அது இருக்கிறதை அழிக்கிற வேலை.

நம் பக்கத்துக் காடுகளில் செய்யவேண்டியது நடுவதைவிடப் பிடுங்குவது. உண்ணிச்செடி, அதாவது லன்டானா, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாகக் கப்பலில் வந்தது. இன்று பந்திப்பூர், பிலிகிரிரங்கன் மலை, மாதேஸ்வரன் மலை என்று எங்கே போனாலும் ஆள் உயரத்துக்குமேல் நிற்கிறது. அதற்கடியில் புல் வராது. புல் வராவிட்டால் மானும் காட்டெருமையும் எதைத் தின்னும்? மேலாக வெட்டினால் மறுபடி துளிர்க்கும், மண்ணுக்குச் சற்றுக் கீழே வேர்க்கழுத்தில் வெட்டித் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் போட்டுக்கொண்டே இருக்கும், அதனால் அதே இடத்துக்கு வருஷா வருஷம் திரும்பிப் போய் நாற்றைப் பிடுங்க வேண்டும். இதையெல்லாம் செய்வது அந்தந்தக் காட்டுப் பழங்குடி மக்கள். 2024 தொடக்கத்தில் லால்பாக்கில் நிஜ அளவு யானைச் சிலைகள் கூட்டமாக நின்றனவே, பார்த்திருப்பீர்கள், அவை கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கலைஞர்கள் உண்ணிச்செடிக் குச்சியால் செய்தவை.

---

காவலர்_மகள்:

அந்த ஷூ பற்றிப் படித்ததும் உடனே எழுதவேண்டும் என்று தோன்றியது. என் அப்பா தமிழ்நாடு, கர்நாடக எல்லைக் காட்டில் வாட்சராகச் சேர்ந்து பத்தொன்பது வருஷம் தினக்கூலியாகவே இருந்து, அதற்கப்புறம்தான் நிரந்தரமானார். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது வேண்டாம், அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். கேம்ப் என்றால் ஒரு தகரக் கொட்டகை, யானை வராமல் இருக்கச் சுற்றிலும் ஓர் அகழி, உள்ளே நாலைந்து பேர். அரிசி பருப்பைத் தோளில் சுமந்துகொண்டு போவார்கள், முறை போட்டுச் சமைப்பார்கள். பத்து நாள் உள்ளே, இரண்டு நாள் வீடு. விடியும்போது கிளம்பி பீட், அதாவது தங்களுக்குப் பிரித்துக் கொடுத்த காட்டுப் பகுதியை, சுற்ற வேண்டும். நடப்பது மட்டும் வேலை இல்லை. புதருக்கடியில் வைத்திருக்கும் சுருக்குக் கம்பியைத் தேடி எடுக்க வேண்டும், பைக் கிளட்ச் ஒயரில் செய்திருப்பார்கள், இலைக்குள் இருந்தால் கண்ணுக்கே தெரியாது. பழத்துக்குள் வெடிமருந்து வைத்த அவுட்டுக்காயைப் பார்த்து எடுக்க வேண்டும், அதைக் கடித்துத் தாடை சிதறிய யானையை அப்பா ஒருமுறை ஐந்து நாள் பின்தொடர்ந்து நடந்திருக்கிறார், கடைசியில் அது ஒரு ஓடைக்குள் நின்றபடியே விழுந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. செத்த யானைக்குப் பிரேதப் பரிசோதனை நடக்கும்போது நாள் முழுக்க அந்த நாற்றத்தில் நிற்பதும் இவர்கள்தான், குழி வெட்டுவதும் இவர்கள்தான். வெட்டிய சந்தனக்கட்டையைப் பார்த்தால் அடிமரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தி நேற்றா, முந்தாநாளா என்று சொல்லிவிடுவார். அந்த வழக்கு எட்டு வருஷம் கழித்துக் கோர்ட்டுக்கு வரும், சொந்தக் காசில் பஸ் ஏறிப் போய்ச் சாட்சி சொல்ல வேண்டும்.

கூலி மாதாமாதம் வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. நாலு மாதம், ஐந்து மாதம் சேர்த்து ஒரேயடியாக வரும். மளிகைக்கடை நோட்டில் எங்கள் பக்கம் எப்போதும் நிரம்பியே இருக்கும், கடைக்கார அண்ணாச்சி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, அவர் இல்லாவிட்டால் நானும் தம்பியும் படித்திருக்க மாட்டோம். காக்கி உடுப்பு ஒன்றுதான், அது கிழிந்துவிடக்கூடாது என்று பெரிய அதிகாரிகள் வருகிற நாளில் மட்டும் போடுவார். மற்ற நாளில் பழைய சட்டையும் ரப்பர் செருப்பும்.

செப்டம்பர் 11 வனத்தியாகிகள் நாள். 1730இல் ராஜஸ்தானின் கேஜர்லியில் மரங்களைக் கட்டிப்பிடித்து உயிரைவிட்ட 363 பிஷ்னோய் மக்களின் நினைவாக அந்தத் தேதி. அப்பா ஓய்வு பெற்றபின் இங்கே என்னோடுதான் இருக்கிறார். அன்றைக்குக் காலையில் எழுந்து குளித்து, தன்னோடு கேம்ப்பில் இருந்து யானை தாக்கிச் செத்துப்போன ஒருவரின் பேரைச் சொல்லி விளக்கேற்றுவார். அவரும் தினக்கூலிதான். அவர் வீட்டம்மா எத்தனை முறை எத்தனை படி ஏறினார் என்பதை நான் சின்ன வயதில் கூடவே போய்ப் பார்த்தேன், அதை இங்கே எழுத மனசு வரவில்லை.

---

ராகிக்காடு:

அக்கா எழுதியதை மதிக்கிறேன். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். நான் தேன்கனிக்கோட்டைப் பக்கம் பிறந்தவன், இப்போது எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. எங்கள் ஊருக்கு ஐப்பசி, கார்த்திகையில் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைக்கூட்டம் ஜவளகிரி வழியாக வரும், ராகி கதிர் முற்றுகிற நேரம் அதற்கு நன்றாகவே தெரியும். சானமாவு வரைக்கும் போகும். கூட்டம் பிரிந்து பிரிந்து பொங்கல் தாண்டியும் சுற்றும். என் அப்பா வருஷத்தில் மூன்று மாதம் பரண்மேல்தான் தூங்குவார், தூங்குவார் என்று சொல்வது தப்பு, உட்கார்ந்திருப்பார். ஒரே ராத்திரியில் இரண்டு ஏக்கர் ராகி மிதிபட்டுப் போனால் அந்த வருஷச் சாப்பாடு போச்சு.

எங்கள் பாட்டி விறகுக்கட்டோடு வரும்போது ஒரு வாட்சர் மறித்து அரிவாளைப் பிடுங்கிக்கொண்டார். அந்த அரிவாள் திரும்பி வரவே இல்லை. பாட்டி சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் காட்டைப் பாதுகாக்கிறவர் என்றாலே எங்கள் ஊரில் எல்லாருக்கும் நல்ல எண்ணம் வந்துவிடாது. காட்டுத்தீ தானாகப் பற்றுவதில்லை. பீடி, மேய்ச்சல்காரர் வைக்கும் நெருப்பு, சில சமயம் பழைய பகை. அந்தப் பகை எங்கிருந்து வருகிறது என்று நகரத்திலிருந்து உதவப் போகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. போன வருஷம் யானை வந்த ராத்திரி பட்டாசும் டார்ச்சும் வைத்துக்கொண்டு எங்கள் வரப்பில் விடியும்வரை நின்றது இரண்டு வேட்டைத் தடுப்புக் காவலர்கள், இரண்டு பேரும் இருபத்தைந்து வயதுப் பையன்கள். வனத்துறை ஒரு பக்கம் விரட்டு என்கிறது, ஊர் ஒரு பக்கம் ஏன் முன்பே வரவில்லை என்று திட்டுகிறது. காலையில் அம்மா கொடுத்த காபியை நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போனார்கள்.

---

காவலர்_மகள்:

ராகிக்காடு தம்பி, நீங்கள் சொல்வது நியாயம். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அரிவாளைப் புடுங்கச் சொல்லி எங்களுக்கும் மேலேயிருந்து சொல்லுவாங்க, புடுங்கினது நாங்கதான், வாங்கின சாபமும் எங்களுக்குத்தான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பாட்டியின் ஊர் எது என்று மட்டும் கேட்டார்.

---

நடைபாதை:

ஃபயர் லைன் பற்றி நான் சொல்கிறேன். ஐந்தாறு வருஷமாக ஒரு சின்னக் குழுவோடு போய்வருகிறேன்.

முதலில் அது என்ன வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள். மழை நின்று புல் காய ஆரம்பித்ததும், டிசம்பர், ஜனவரியில், காட்டுச் சாலைகளின் இரு புறமும் காட்டின் எல்லையிலும் பல மீட்டர் அகலத்துக்குப் புல்லையும் புதரையும் வெட்டிக் காயவிடுவார்கள். காய்ந்ததைக் காற்றில்லாத நேரம் பார்த்து, பனி ஈரம் இருக்கும்போதே, ஆட்கள் இரண்டு பக்கமும் காவல் நின்று கொளுத்துவார்கள். அப்புறம் கோடை மழை வரும்வரை அந்தக் கோட்டில் சருகு சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் தீப்பிடித்தால் இந்தக் கோட்டுக்கு வந்ததும் எரிய ஒன்றும் இல்லாமல் நிற்கவேண்டும், நோக்கம் அவ்வளவுதான். காற்று பலமாக இருந்தால் பொறி பறந்து தாண்டிவிடும். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்ததே, அப்போது காய்ந்த உண்ணிச்செடியும் காற்றும் சேர்ந்துகொண்டன.

தீ எங்கே என்று இப்போது துணைக்கோள் சொல்லிவிடுகிறது. டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனத்திலிருந்து பீட் வரைக்கும் குறுஞ்செய்தி வரும். ஆனால் வருகிற புள்ளி 375 மீட்டர் சதுரம், மலைச்சரிவில் அது எந்த மடிப்பு என்று நடந்து போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும். போனபின் கையில் இருப்பது பச்சைக் கொப்பு, சில இடத்தில் சருகு ஊதும் மெஷின், தோளில் தண்ணீர் கேன். தீயை அடிப்பது தண்ணீரால் இல்லை, கொப்பால். பெரிய தீ என்றால் எதிர்த்தீ வைப்பார்கள், அதாவது தீ வருகிற வழியில் இருப்பதை முன்கூட்டியே எரித்துவிடுவார்கள், அதற்குக் காற்றைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். 2017இல் பந்திப்பூரில் தீயணைக்கப் போன இளம் வனக்காவலர் ஒருவர் அதே தீயில் இறந்தார். பயிற்சி உள்ளவருக்கே அதுதான் நிலைமை.

அதனால் தீ எரியும்போது ஓடிப்போய் உதவலாம் என்று மட்டும் யாரும் நினைக்காதீர்கள். 2018 மார்ச் 11 குரங்கணி நம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. மலையேறப் போன இடத்தில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ எவ்வளவு வேகமாக மேட்டில் ஏறும் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. முதலில் ஓடிவந்து தூக்கியது பக்கத்து ஊர்க்காரர்களும் எஸ்டேட் தொழிலாளர்களும்தான்.

நீங்கள் செய்யக்கூடியது கோடு வெட்டும் வேலை. தேசியப் பூங்காவுக்குள்ளோ சரணாலயத்துக்குள்ளோ அனுமதியில்லாமல் கால் வைப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அதனால் ரேஞ்ச் ஆபீசரிடம் அக்டோபரிலேயே எழுத்தில் கேளுங்கள். 80 பேர் வேண்டாம், அவ்வளவு கூட்டத்தை யானைக்காட்டில் காவல் காப்பது அவர்களுக்குக் கூடுதல் வேலை. பத்துப் பேர் போதும், பருத்தித் துணி போட்டு, சொந்தத் தண்ணீர் எடுத்துக்கொண்டு, செல்ஃபி இல்லாமல். நானே 2018 புலிக் கணக்கெடுப்பில் தொண்டராகப் போனபோதுதான் இதைக் கற்றேன். ஒரு நாளைக்கு 5 கிலோமீட்டர் காட்டுத்தடத்தில் புலி, சிறுத்தையின் காலடியும் எச்சமும் தேடி நடக்க வேண்டும். நான் செல்போன் செயலியில் தட்டிக்கொண்டிருந்தேன், கண்டுபிடித்ததெல்லாம் முன்னால் நடந்த சோளிகர் பழங்குடி வாட்சர். ஒரு முறை கையை நீட்டி என்னை நிறுத்தினார், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, அரை நிமிஷம் கழித்துத்தான் மூங்கிலுக்குப் பின்னால் யானையின் காது அசைந்தது. இந்தியா முழுக்க 2,967 புலி, கர்நாடகத்தில் 524 என்று அடுத்த வருஷம் செய்தி வந்தபோது அவர் பெயர் எங்கும் இல்லை.

அந்தச் சோளிகர் வாட்சர் சொன்ன இன்னொன்று. அவர் தாத்தா காலத்தில் தை, மாசியில், புல் முழுக்கக் காயும் முன்பே, சின்னதாகச் சருகுக்கு மட்டும் தீ வைப்பார்களாம், தரகு பெங்கி, அதாவது சருகுத் தீ என்று பேர். தீ முட்டி உயரத்தைத் தாண்டாது, உண்ணிச்செடியும் தலையெடுக்காது. காடு காப்புக்காடாகி, சரணாலயமாகி, அதற்குத் தடை வந்தபின்தான் உண்ணி இப்படி ஏறியது என்பது சோளிகர்களின் கருத்து. 2011இல் பிலிகிரிரங்கன் மலைச் சோளிகர்களுக்கு 2006 வன உரிமைச் சட்டப்படி சமூக உரிமை கிடைத்தது. ராகிக்காடு கேட்டதற்கு இதுவும் ஒரு பதில் என்று நினைக்கிறேன், காட்டைத் தெரிந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டுக் காட்டைக் காப்பது எனக்கும் சரியாகப் படவில்லை.

---

பன்னேர்கட்டா_ரோடு:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு முறை உட்கார்ந்து படித்தேன். அலுவலகத்தில் பேசிவிட்டேன், கன்று நடும் விழா இந்த வருஷம் இல்லை. சிலருக்கு வருத்தம்தான், படம் எடுக்க ஒன்றும் இருக்காதே என்று ஒருவர் கேட்டார், இந்த இழையைத்தான் அனுப்பினேன். ஜனவரிக்குப் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் வைத்திருந்த பணத்தில் அந்த ரேஞ்ச்சில் இருக்கும் வாட்சர்கள் எல்லாருக்கும் ஷூ வாங்கலாம் என்று நினைக்கிறோம், முப்பது பேருக்குமேல் இருப்பார்கள் போல. கூலி தாமதத்துக்கு நம்மால் என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லை, மனு எழுதினால் அவருக்கே தொந்தரவு வந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. அக்கா, அப்பாவிடம் எந்த மாதிரி ஷூ என்று கேட்டுச் சொல்ல முடியுமா?

---

காவலர்_மகள்:

கேட்டேன், அரை மணி நேரம் பேசினார். தோல் ஷூ வேண்டாமாம், நனைந்தால் காயாது, காய்ந்தால் விறைத்துக் குதிகாலை அறுக்கும். கணுக்காலுக்குமேல் வரும் கேன்வாஸ் ஜங்கிள் பூட், அடியில் ஆழமான பல் இருக்கவேண்டும். ஓடையைத் தாண்டினால் தண்ணீர் வெளியே போகப் பக்கத்தில் சின்ன ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அளவு கேட்டால் எல்லாரும் பழைய அளவையே சொல்வார்கள், நடந்து நடந்து கால் அகன்றிருக்கும், அதனால் தாளில் காலை வைத்துக் கோடு போட்டு வாங்கி வாருங்கள், அதற்குமேல் ஒரு அளவு கூட்டி வாங்குங்கள். ஆளுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ்.

தனியாக ஒருவர் கையில் கொடுக்கவேண்டாம், ரேஞ்ச் ஆபீசருக்குக் கடிதம் கொடுத்து, எத்தனை ஜோடி என்று எழுதி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். புலிகள் காப்பகமாக இருந்தால் நன்கொடை வாங்குவதற்கென்றே 2006 சட்டத்திருத்தப்படி ஒரு அறக்கட்டளை உண்டு, அதன் வழியாகவும் கொடுக்கலாம். கூலிக்கு மனு எழுதினால் ஒரு ஆளின் பேரையோ செக்போஸ்ட்டையோ குறிப்பிடாமல், மொத்தக் கோட்டத்துக்கும் தினக்கூலி எந்தத் தேதியில் கொடுக்கப்படுகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், யார் சொன்னது என்று தேடமாட்டார்கள்.

டார்ச்சும் வாங்கினால் நல்லது, சார்ஜ் போடுகிறது வேண்டாம், கேம்ப்பில் கரண்ட் இருக்காது. செல் போடுகிறதாக வாங்குங்கள், செல்லும் ஒரு பெட்டி சேர்த்து. ஜனவரிக்கு நீங்கள் போகும்போது அப்பாவும் வரலாமா என்று கேட்கிறார். வெட்ட முடியாது, முட்டி வலி, ஆனால் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டுமல்லவா என்கிறார்.